கப்பல் ஏறும் முன்பே நனைந்துவிடும் துணி

கோத்தகிரியில் கார்த்திகை மாதத்துக் காலையில், இரண்டு நாள் கொடியில் காய்ந்த பருத்தித் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்கும். அது குளிரா, ஈரமா என்று கன்னத்துக்குத் தெரியாது. எங்கள் தையல் கூடத்தில் பல வருடம் அதைக் குளிர் என்றே எடுத்துக்கொண்டோம்.

அப்படி ஒரு நவம்பரில் முப்பது அட்டைப்பெட்டிகள் அனுப்பினோம். குஷன் உறை, மேசை விரிப்பு, கொஞ்சம் சால்வை. போய்ச் சேர வேண்டிய இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். பெட்டிகள் சேர்ந்த பிறகு அங்கிருந்து படங்கள் வந்தன. எட்டுப் பெட்டிகளில் பூசண வாடை. மடிப்பு ஓரங்களில் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். இரண்டு பெட்டிகளில் சிவப்பு நூலின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கியிருந்தது. அந்தச் சிவப்பு நூல் தோடர் பெண்கள் போட்டுத் தந்த பூவேலை. சட்டம் மாட்டாமல், மாதிரி வரையாமல், துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. பூத்துக்குளி என்னும் தோடர் போர்வை ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அந்தப் படத்தை வேலை செய்தவர்களிடம் காட்டிய நாளை நான் மறக்கவில்லை.

கடல் தண்ணீர் புகுந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் கன்டெய்னரில் ஓட்டை இல்லை. பெட்டிகளின் வெளிப்பக்கத்தில் நீர்த்தடமும் இல்லை. உள்ளே இருந்த ஈரம் கோத்தகிரியில் நாங்களே கட்டி அனுப்பிய ஈரம். அதன் பிறகுதான் இந்தத் தொழிலை முதலிலிருந்து படித்தேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: மலையிலிருந்து துணி அனுப்புகிறவர்களுக்குக் கடல் பயணத்தின் பாதி முடிவு பெட்டியை ஒட்டும் மேசையிலேயே நடந்துவிடுகிறது.

பருத்தி காற்றிலிருந்து தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளும் இழை. முழுக்கக் காய்ந்த 100 கிலோ பருத்தி, மிதமான வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் 8.5 கிலோ தண்ணீரைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். நூல் வியாபாரத்தில் எடை போடுவதே இந்தக் கணக்கை வைத்துத்தான். கம்பளி ஏறக்குறைய இரு மடங்கு பிடிக்கும். பாலியெஸ்டர் அரைக் கிலோகூடப் பிடிக்காது. எங்கள் முப்பது பெட்டிகளில் ஏறத்தாழ 350 கிலோ பருத்தி இருந்தது. அப்படியென்றால் எல்லாம் ஒழுங்காக இருந்தால்கூட அதற்குள் இரண்டு குடம் தண்ணீர் இருந்திருக்கும். வாசலைத் திறந்தால் மஞ்சு வீட்டுக்குள் நடந்து வரும் நவம்பரில் அது எவ்வளவு கூடியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கு மேல் நாங்கள் செய்தது இன்னொரு தவறு. ஸ்டீம் இஸ்திரி போட்ட கையோடு, துணி சூடாக இருக்கும்போதே மடித்து, பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டினோம். சுருக்கம் விழாது என்ற நினைப்பு. ஆனால் இஸ்திரியின் ஆவி முழுவதும் உறைக்குள் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, டிரையரிலிருந்து வந்த தூளை நாங்க சுடச்சுட மூட்டை கட்டினா என்ன ஆகும்? ஆறவிட்டு, ஈரம் பார்த்துத்தானே கட்டுவோம்?" என்றார். கேட்ட எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் சொன்னது இந்த மலைக்குத் தெரிந்த பழைய பாடம். நீலகிரித் தேயிலை கப்பலேறத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தேயிலையும் துணியைப் போலவே ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும் சரக்கு. அதனால்தான் டிரையரில் ஏறத்தாழ 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் காலத்தில் உள்ளே ஈயத்தாளோ அலுமினியத் தாளோ ஒட்டிய மரப்பெட்டியில் அடைத்தார்கள். இன்று பல அடுக்குக் காகித மூட்டை. குன்னூரில் வாராவாரம் ஏலம் போகும் தூளுக்கு இந்த ஒழுங்கு இருக்கும்போது, அதே சாலையில் இறங்கும் எங்கள் துணிக்கு அது இல்லாமல் போனது.

பெட்டிக்குள் இருக்கும் ஈரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கோத்தகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் சரக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் கீழே இறங்குகிறது. மேலே 15 டிகிரியில் கட்டிய பெட்டி கீழே 30 டிகிரிக் காற்றில் நிற்கும். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தால், குளிர்ந்த துணியின் மேல் கீழ்நாட்டுக் காற்றின் ஈரம் படியும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கினால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான். ஆகவே கீழே போய்ப் பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் கூடாது. பிரித்தே ஆக வேண்டும் என்றால், மூடியபடியே ஒரு நாள் வைத்திருந்து, சூடு சமமான பிறகு பிரிக்க வேண்டும்.

அப்புறம் கன்டெய்னர். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் கூரை 50 டிகிரியைத் தாண்டும். உள்ளே காற்று சூடாகி, துணியிலும் அட்டையிலும் மரப்பலகையிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கும். இரவு வந்ததும் கூரை சட்டென்று குளிர்ந்துவிடும். இட்லிச் சட்டியின் மூடியில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதுபோலக் கூரையின் உட்புறத்தில் நீர் கோத்து, சொட்டுச் சொட்டாகப் பெட்டிகள் மேல் விழும். கப்பல்காரர்கள் இதைக் கன்டெய்னர் மழை என்கிறார்கள். சொட்டு விழாவிட்டாலும் ஆபத்து நீங்காது. உள்ளே காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணம் முளைக்கத் தொடங்கிவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

2023ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து இந்தக் கவலை கூடியது. அந்த நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியது. டிசம்பரில் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதல் பயணம் என்பதும், வாடகை ஏறியதும் எல்லோருக்கும் தெரியும். துணி அனுப்புகிறவர்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. கொழும்பிலிருந்து சூயஸ் வழியாகப் போனால் நிலநடுக்கோட்டைத் தாண்டவே வேண்டாம். நன்னம்பிக்கை முனை வழியாகப் போனால் இரண்டு முறை தாண்ட வேண்டும். வெயிலில் தொடங்கி, தெற்கே குளிர்ந்து, மறுபடி நடுக்கோட்டு வெக்கை, கடைசியில் ஐரோப்பியக் குளிர்காலக் கடல். பெட்டிக்குள் இருக்கும் ஈரம் ஒவ்வொரு மாற்றத்திலும் துணியிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து துணிக்கும் போய் வரும். முன்பு கேடு செய்யாமல் விட்ட அளவு ஈரம்கூட இந்தப் பாதையில் கேடு செய்துவிடும்.

நாங்கள் அனுப்பும் பாதையையும் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து கொச்சி தூத்துக்குடியைவிடப் பக்கம். வல்லார்பாடத்தில் பெரிய கன்டெய்னர் முனையமும் உண்டு. ஆனாலும் திருப்பூர் சரக்கு பெருமளவில் தூத்துக்குடிக்குப் போவதால், எங்களைப் போன்ற சில்லறை அனுப்புநர்களுக்குச் சேர்ந்து போக அங்கேதான் எளிது. தூத்துக்குடியிலிருந்து சிறிய கப்பலில் கொழும்பு, அங்கே தாய்க்கப்பலுக்கு மாற்றம், பிறகு ஐரோப்பா. இந்தத் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓட்டியதும் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில்தான். 1908இல் அரசத்துரோகக் குற்றச்சாட்டில் சிறை போய், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். எங்கள் லாரி கோவையைக் கடக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். அவர் பட்ட பாட்டுக்கு நாம் ஒழுங்காகப் பெட்டி கட்டவாவது வேண்டும் என்று தோன்றும்.

பருவமும் இங்கே பார்க்க வேண்டியது. நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூர், அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. குன்னூர் சாலையில் மண் சரிவதும் அப்போதுதான். தூத்துக்குடி நனைவதும் அதே பருவத்தில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விற்பனைக்கு என்று வாங்குகிறவர் கேட்டால், செப்டம்பருக்குள் பெட்டி மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். நவம்பரில் கட்டுவதாக இருந்தால் உலர்த்த ஒரு வாரம் சேர்த்துக் கேட்க வேண்டும். இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. வாங்குகிறவர்களும் இந்த ஒரு வாரத்தைப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். துணி எடையால் கட்டணம் ஏறும் சரக்கல்ல, இடத்தால் ஏறும் சரக்கு. முழுக் கன்டெய்னர் எடுத்தால் அதை எஃப்.சி.எல். என்பார்கள். பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றினால் எல்.சி.எல். இருபது அடிக் கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். நடைமுறையில் 27, 28தான் நிரப்ப முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு எல்.சி.எல்.தான் வழி. அதில் ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். கன மீட்டரைச் சி.பி.எம். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டி 0.096 சி.பி.எம். முப்பது பெட்டிக்கு 2.88. பெட்டிக்கு 14 கிலோ என்றால் மொத்தம் 420 கிலோ, அரை டன்கூட இல்லை. ஆனாலும் 2.88க்குத்தான் காசு. விமானத்தில் அனுப்பினாலும் இடக் கணக்கு விடாது. ஒரு சி.பி.எம்.முக்கு 167 கிலோ என்று வைத்து 481 கிலோவுக்குக் கேட்பார்கள், அதுவும் பல மடங்கு விலையில்.

பெட்டிக்குள் மேலே ஐந்து சென்டிமீட்டர் காலியாக இருந்ததைப் பார்த்து, உயரத்தை 35 ஆக்கினோம். 2.88 என்பது 2.52 ஆனது. காலியிடம் இல்லாததால் மேலே அடுக்கும்போது பெட்டி நசுங்குவதும் நின்றது. வேக்யூம் போட்டு அமுக்கினால் இன்னும் குறையும் என்று சிலர் சொன்னார்கள். பூவேலை உள்ள துணிக்கு அது ஆகாது, நூல் படிந்துபோய் மறுபடி எழாது. குஷனுக்குள் பஞ்சு அடைத்து அனுப்புவதும் இதே காரணத்தால் வீண். இடமும் போகும், சுங்கக் குறியீடும் 6304இலிருந்து 9404க்கு மாறிவிடும். உறையாக மட்டும் அனுப்புங்கள், பஞ்சை அவர்கள் அங்கே அடைத்துக்கொள்ளட்டும்.

எல்.சி.எல்.லில் இரண்டு விஷயம் யாரும் முதலில் சொல்வதில்லை. ஒன்று, கடல் வாடகை மிகக் குறைவாக இருக்கும், கேட்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் போய்ச் சேரும் துறைமுகத்தில் இறக்குகூலி, கிடங்குக் கூலி, ஆவணக் கூலி என்று வாங்குகிறவர் தலையில் பெரிய தொகை விழும். விலை கேட்கும்போதே அந்தப் பக்கத்துச் செலவையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. இரண்டு, உங்கள் துணிக்குப் பக்கத்தில் எது ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. மசாலா, தோல், ரப்பர் எதுவும் ஏறலாம். துணி ஒரு மாத வாடையையும் குடித்துக்கொண்டு வரும். முழுக் கன்டெய்னர் எடுக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏற்றும் முன் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பார்க்கலாம். ஊசிமுனை வெளிச்சம் எங்காவது தெரிந்தால் அந்தக் கன்டெய்னர் வேண்டாம் என்று சொல்லலாம். மோந்தும் பார்க்கலாம். எல்.சி.எல்.காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே பெட்டிதான் நம்முடைய கன்டெய்னர் என்று நினைத்துக் கட்ட வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெரும்பகுதியைச் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் ஒரு முறை எடுத்தால் போதும், வருடா வருடம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் நிதியாண்டுக்கு ஒரு முறை. ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையைக் காட்டும் ஏ.டி. கோடு துறைமுகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அவற்றை வைத்துச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில். நாம் கவனம் வைக்க வேண்டியது சுங்கக் குறியீட்டில். மேசை விரிப்பு 6302, குஷன் உறை 6304, நெய்த சால்வை 6214. மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டால் அந்தப் பக்கத்தில் வரி மாறும், சரக்கு நிற்கும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள், 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின்படி பிறப்பிடச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வரி மிச்சம். பில் ஆஃப் லேடிங் என்ற சீட்டு வெறும் ரசீதல்ல. அது சரக்கின் உரிமைப் பத்திரம். வழக்கமாக மூன்று அசல்கள் தருவார்கள். பணம் வரும்வரை அந்த அசல்களைக் கைவிடக் கூடாது.

விலையை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று பேசுவது இங்கே வழக்கம். கப்பலில் ஏற்றும்வரை சேதம் நம் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். ஆனால் எல்.சி.எல். சரக்கை நாம் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அது கப்பலேறுவது சில நாள் கழித்து. அந்த நாள்களில் மழையில் நனைந்தாலும் நம் தலையில்தான். எஃப்.சி.ஏ. என்று பேசி, கிடங்கில் ஒப்படைத்ததோடு பொறுப்பு மாறும்படி வைப்பது நமக்குப் பாதுகாப்பு. சின்ன அனுப்புநர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன கப்பல் அது. கேரளக் கரையில் கன்டெய்னர்கள் ஒதுங்கிய படங்களைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்தில் பலர் இன்சூரன்ஸ் எடுக்கத் தொடங்கினார்கள். நல்லது. கப்பல் மூழ்கினால் பணம் வரும். சரக்கு நன்றாக இருந்தும் பணம் கட்ட வேண்டி வரும் இன்னொரு நிலைமைக்கும் அது உதவும். 2021இல் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸில் ஆறு நாள் சிக்கியதே, அப்போது கப்பலை மீட்ட செலவைச் சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கிட வேண்டும் என்று அறிவித்தார்கள். கடல் வணிகத்தின் மிகப் பழைய விதி அது. இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பங்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லாதவர் பிணைத்தொகை கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும்.

ஆனால் எங்கள் பூசணத்துக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. 'எல்லா ஆபத்துக்கும்' என்று சொல்லப்படும் ஏ பிரிவு பாலிசிதான் எடுத்திருந்தோம். அதிலேயே விலக்குகள் அச்சாகியிருக்கின்றன: பொருளின் சொந்த இயல்பால் வரும் கேடு, போதாத பேக்கிங், தாமதத்தால் வரும் இழப்பு. துணி தன் ஈரத்தாலேயே பூத்தால் அது முதல் விலக்கு. ஆவியோடு உறையில் ஒட்டியது இரண்டாவது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் கெட்டது என்று சொன்னால் மூன்றாவது. கோபம் வந்தது. பாலிசியை மறுபடி படித்தபோது அவர்கள் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கடல் செய்யும் கேட்டுக்குத்தான் கடல் இன்சூரன்ஸ்.

இப்போது எங்கள் கூடத்தில் பேக்கிங் அறை தனி. தரையிலிருந்து பெட்டி அடுக்கும் பலகை அரை அடி உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று, ஈரப்பத மீட்டர் இரண்டு. இஸ்திரி போட்ட துணி ஓர் இரவு அந்த அறையில் கம்பியில் தொங்கும். அட்டைப்பெட்டிகளும் இரண்டு நாள் முன்பே அங்கே வந்துவிடும், ஏனென்றால் அட்டையும் துணியைப் போலவே ஈரம் குடிக்கும். ஒவ்வொரு துணிக்கும் பாலித்தீன் என்பதை விட்டுவிட்டு, காகிதத்தில் சுற்றி, பெட்டிக்கு ஒரே ஒரு உள்ளுறை போடுகிறோம். சிலிக்கா ஜெல் பொட்டலம் வாங்கும்போது உள்ளே என்ன என்று எழுதி வாங்குகிறோம். பூசணம் வராமல் இருக்க டைமெத்தில் ஃப்யூமரேட் கலந்த பொட்டலங்கள் ஒரு காலத்தில் புழங்கின. தோலில் கொப்புளம் கிளப்புகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அதைத் தடை செய்துவிட்டது. ஒரு பொட்டலத்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரலாம். அடியில் மரத்தட்டு வைத்தால், 56 டிகிரியில் முப்பது நிமிடம் சூடு காட்டிய முத்திரை அதில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பச்சை மரம் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும்.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறோம். முள் 55க்குக் கீழே வராமல் யாரும் டேப்பை எடுப்பதில்லை. போன கார்த்திகையில் மூன்று நாள் அது 60க்குக் கீழே இறங்கவே இல்லை. லாரிக்காரர் இரண்டு முறை போன் செய்தார். நாலாம் நாள் மதியம் வெயில் அடித்தது, மெஷினும் ஓடியது, முள் 53க்கு வந்தது. அன்று ராத்திரி பதினொன்றரை வரை எல்லோரும் உட்கார்ந்து முப்பத்திரண்டு பெட்டிகளை ஒட்டினோம்.